சைவம் என்னும் சொல்

யாழ்ப்பாணத்தில் ஒருவரை நோக்கி, "நீங்கள் சைவமோ?" என்று கேட்டால், கேள்வி எதைப் பற்றியது என்பதை இடம் நோக்கித்தான் அறிய வேண்டும். கோயில் வீதியிற் கேட்டால் சமயம். பந்தியிற் கேட்டால் உணவு. வாடகைக்கு வீடு தேடிச் சென்ற இடத்திற் கேட்டால், உணவை விசாரிப்பதுபோலச் சாதியை விசாரிக்கும் உபாயம். ஒரே சொல் மூன்று வேலை செய்கின்றது. அதனாலேதான், ஒருவர் என்ன உண்கிறார் என்ற எளிய செய்தி, அவர் யார், எவ்வளவு மதிக்கத்தக்கவர் என்ற தீர்ப்பாக இங்கே இவ்வளவு இலகுவில் மாறிவிடுகின்றது.

இச்சொல்லின் எதிர்ப்புறத்தில் நிற்பது "மச்சம்". மீனைக் குறித்த இச்சொல் எமது பேச்சில் இறைச்சியையும் முட்டையையுங்கூட அடக்கிக்கொண்டது. மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. நல்லூரில் கொடியேறினால் இருபத்தைந்து நாட்களுக்குப் பல வீடுகளில் மச்சம் இல்லை. அந்நாட்களில் சந்தையில் மீன் விலை விழும். அந்த விழுக்காட்டைக் கணக்கெடுத்து விரதத்தின் செலவிற் சேர்ப்பார் எவருமிலர். இதை எழுதும் நாமும் மீன் உண்பவரே. வெள்ளிக்கிழமைகளில் உண்பதில்லை; ஏன் என்று கேட்டால் தாயாரைக் கைகாட்டுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் கற்பித்த பாடசாலை ஒன்றில், கந்தசஷ்டி நாளொன்றில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். கரையோரக் கிராமத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மதிய இடைவேளையில் இடியப்பமும் சூடை மீன் குழம்பும் கொண்ட பெட்டியைத் திறந்தாள். அருகிலிருந்த பிள்ளைகள் மேசைகளைச் சற்றே விலக்கிக்கொண்டனர். பொறுப்பாசிரியை அவளை அழைத்து, மிக அன்பாகவே, "பிள்ளை, இந்த ஆறு நாளும் மச்சம் கொண்டு வராதையும்" என்றார். யாரும் அவளை ஏசவில்லை. யாரும் எந்தச் சாதிப் பெயரையும் உச்சரிக்கவில்லை. மறுநாள் அவள் உணவே கொண்டு வரவில்லை. "பசிக்கேல்லை, ரீச்சர்" என்றாளாம். கடலுக்குப் போன தகப்பன் கொண்டு வருவதே அவள் வீட்டின் கறி. மரக்கறி அவர்களுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். நாமும் அவ்விடத்தில் இருந்தோம். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று வாய் திறவாததற்குக் காரணம், ஆசிரியையின் சொல்லில் தவறு எங்கே என்று எமக்கே தெளிவாகத் தெரியாமையாகும். உயிர்க்கொலை தீது என்பதை மறுக்க எம்மால் இயலாது. திருக்குறளில் புலால் மறுத்தலுக்கென ஓர் அதிகாரம் உண்டு; அதைக் கற்பித்துச் சம்பளம் பெறுகின்றோம். ஆயினும் அக்குழந்தை பசியோடிருந்தாள். கொல்லாமை என்ற உயர்ந்த கொள்கை எந்த வழியால் வந்து இந்தப் பசியாயிற்று?

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் ஆண்டனர். திருநெல்வேலி ஞானப்பிரகாசர், ஆட்சியாளரின் உணவுக்குப் பசு கொடுக்க வேண்டிய முறை தமக்கு வருமுன்னே ஊரைவிட்டு நீங்கித் தமிழகம் சென்றார் என்பது மரபு. சிதம்பரத்தில் அவர் பெயரால் ஒரு குளம் இன்றும் உண்டு. விரதமிருந்து உண்ட வாழையிலையை, அந்நிய அதிகாரிகளின் கண்ணிற் படாமற் கூரையிற் செருகி வைத்தார்கள் என்றும் எமது முதியோர் சொல்வர். அக்காலத்தில் மரக்கறி உண்பது எதிர்ப்பின் வடிவம், அடக்கப்பட்டவனின் மானம். 1816 இல் வந்த அமெரிக்க மிஷனுக்கு எதிராக ஆறுமுக நாவலர் எழுந்தபோதும் இவ்வுணர்ச்சியின் ஒரு பகுதி உயிரோடிருந்தது. நாவலர் தமது பாலபாடத்திலே கொலையையும் புலாலுண்ணலையும் கண்டித்துப் பாடங்கள் எழுதினார். கோயில்களில் உயிர்ப்பலியையும் எதிர்த்தார்.

ஆனால் அந்நியன் போன பின்னர் அந்த மானம் எங்கே திரும்பியது? கீழே திரும்பியது. மாட்டிறைச்சி உண்பவர், கள்ளிறக்குபவர், மீன் பிடிப்பவர் ஆகியோரைக் கோயிலுக்கும் கிணற்றுக்கும் தேநீர்க் கடைக்கும் வெளியே நிறுத்துதற்கு "அவர்கள் துப்புரவில்லை" என்ற நியாயம் தேவைப்பட்டது. சட்டி அந்த நியாயத்தைத் தந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கதவு திறவாமையால், 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் போராட்டம் நிகழ்ந்தது. வாயிலை மறித்து நின்றவர்களுள் மீன் உண்ணாதார் எத்தனை பேர் என்று யாரும் சோதிக்கவில்லை. அவர்களிற் பலர் வீட்டில் மச்சச் சட்டி இருந்தே இருக்கும். உயர்சாதியானின் மீன், நாள் பார்த்து உண்ணும் மீன். தாழ்த்தப்பட்டவனின் மீன் அவன் பிறப்போடு ஒட்டிய நாற்றம். எனவே, உண்மையில் எண்ணப்பட்டது உணவன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேடிக்கை என்னவெனில், அதே கோயில்களின் உட்பிரகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையிற் கண்ணப்பர் நிற்கின்றார். பன்றி இறைச்சியைத் தாமே சுவைத்துப் பார்த்து இறைவனுக்கு ஊட்டியவர்! கல்லான கண்ணப்பருக்கு உள்ளே இடம்; உயிருள்ள கண்ணப்பருக்கு வெளிவீதி. வீதியில் முழங்கும் தவிலின் இரு முகமும் தோலே என்பதையும் எவரும் நினைப்பதில்லை.

இங்கே நாவலரின் எதிர்வழக்காடியாகிய வடலூர் இராமலிங்க அடிகளைக் கருதுதல் பயனுடைத்து. இருவரும் புலால் மறுத்தவர். இவ்விடயத்தில் அடிகள் நாவலரினும் கண்டிப்பானவர் எனலாம். புலால் உண்போரைப் புறவினத்தார் என்றே அவர் வகுத்தார். ஆனால் 1867 இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையின் வாயிலில் அந்த வகுப்பு நின்றுவிடுகின்றது. பசியென்று வந்தவன் எவனாயினும் சோறு உண்டு. புறவினத்தானுக்கும் பசி நீக்குதல் சீவகாருணியமே என்பது அவர் முடிபு. புறவினத்தார் என்ற சொல்லை நாம் ஏற்கவில்லை. அச்சொல்லும் வேலிதான். எனினும் ஆட்டின் வேதனைக்கு இரங்கிய மனம் மனிதனின் பசிக்கும் இரங்கியதே, அதைக் கவனிக்க வேண்டும். எமது பாடசாலையில் அந்த மதிய வேளையில் முதலாவது இருந்தது, இரண்டாவது இருக்கவில்லை.

எதிர்த்தரப்பில் நிற்கும் நண்பர்கள் சிலர், "சைவ உணவே சாதியின் சூழ்ச்சி, ஆகவே வேள்வியே மக்கள் பண்பாடு" என்று ஒரே தாவாகத் தாவுகின்றனர். அதனோடும் எமக்கு உடன்பாடில்லை. வலிகாமத்துக் கவுணாவத்தை நரசிங்க வைரவர் கோயில் வேள்வியில் நூற்றுக்கணக்கான கிடாய்கள் வெட்டப்பட்டு வந்தன. வேள்விக்கென்றே ஊட்டி வளர்த்த கிடாயின் விலையைப் பேசுவதில் வளர்த்தவனுக்குப் பெருமை. பின் இறைச்சி பங்கு பங்காக விலைப்படும். பங்கு வாங்குவோரில் எல்லாச் சாதியாரும் உண்டு. சைவ அமைப்பொன்று தொடுத்த வழக்கிலே, 2017 ஒக்டோபரில், கோயில்களில் மிருகபலி கூடாது என யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குருதி ஓடும் முற்றத்தில் குழந்தைகள் நிற்பதை நாம் விரும்பவில்லை; அத்தீர்ப்புக்காக நாம் கண்ணீர் விடவுமில்லை. ஆனால் கோயில் முற்றத்தில் வெட்டப்படாத கிடாய் கசாப்புக் கடையில் வெட்டப்படும். கிடாயைப் பொறுத்தவரை மாறியது இடம் மட்டுமே. இது கருணையெனில், அதன் கண் கிடாயின்மீது இருந்ததா, வைரவரை வழிபடும் முறைமீது இருந்ததா?

மாட்டிறைச்சி என்று வரும்போது இவ்வினா இன்னும் கூர்மை பெறுகின்றது. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் யாவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஆண்டுகள் கழித்து மீண்டு வந்தோர் சிலரே. அவர்களிற் சிலருக்கு இறைச்சிக் கடையே தொழில். 2016 இல் வவுனியாவில் தொடங்கிய சிவசேனை பசுவதைத் தடையை முன்னிறுத்தியது. 2020 செப்டெம்பரில் நாடு முழுவதும் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை இணங்கியது. உண்போருக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சி இறக்குமதி செய்யலாம் என்பதும் அம்முடிவின் ஒரு பகுதி! அந்நிய மாட்டுக்கு உயிர் இல்லைப் போலும். கடலுக்கு அப்பால், 2015 செப்டெம்பரில், உத்தரப் பிரதேசத்துத் தாத்ரியில், வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்ற வதந்தியால் முகம்மது அக்லாக் என்பவரைக் கூட்டமொன்று அடித்துக் கொன்றது. 2018 இல் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் மரக்கறி உண்போருக்குத் தனி வாயிலும் தனிக் கைகழுவும் தொட்டியும் என அறிவிப்பு ஒட்டினர். எதிர்ப்புக் கிளம்பிய பின்னர் அகற்றினர். தாத்ரியின் கொலையையும் சென்னையின் தொட்டியையும் ஒன்றென நாம் கூறவில்லை. ஆயினும் கையைத் தனியே கழுவ விரும்பும் மனத்தில் இருப்பது மாட்டின்மீது அன்பு அன்று.

மாட்டை விற்பவர் யார்? பால் வற்றிய பசுவையும் உழவுக்கும் வண்டிலுக்கும் வேண்டாத நாம்பனையும் வாழ்நாள் முழுதும் கட்டித் தீனி போட ஏழைக் கமக்காரனால் இயலாது. பொழுதுபட்ட பின் வியாபாரி வருவான், கயிறு கைமாறும். அபிடேகப் பாலும் தயிரும் அந்தக் கயிற்றின் மறுமுனையிலிருந்தே வருகின்றன. பாலும் வேண்டாம் என்று மறுக்கும் இன்றைய இளைஞர் சிலரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் கணக்கை முழுமையாகப் பார்த்தவர் அவர்களே. அவர்கள் தம் கணக்கைத் தம் வயிற்றின்மீது எழுதுகின்றனர். பிறர் வயிற்றின்மீது எழுதாதவரை அவர்களை நாம் வணங்கவும் தயார்.

அந்த மாணவி பின்னர் எமது வகுப்புக்கு வந்தாள். சைவநெறி ஆசிரியர் வராத நாளொன்றில் அதிபத்த நாயனார் கதையை வாசிக்க வைத்தோம். நாகப்பட்டினத்து நுளையர் தலைவர். வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்டவர். வாசித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்:

"ஒண்டைச் சிவனுக்கு விட்டவர். மிச்சத்தை என்ன செய்தவர், சேர்?"

"வித்திருப்பார்" என்றோம்.

"ஆர் வாங்கினது?"

பாடநூலில் அது இல்லை. அடுத்த பாடத்துக்கு மணி அடிக்கும்வரை வகுப்பு எம்மையே பார்த்துக்கொண்டிருந்தது.