அனுமதியும் தகுதியும்

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகருக்குச் செல்லும் வீதியில் பஸ்ஸும் லொறியும் ஓடுகின்றன. அதே வீதியின் ஓரத்திலேதான் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். மரக்கறி மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிய விவசாயி சந்தைக்குப் போகிறார். இடையே, சிவப்பு நிறத்தில் ‘எல்’ என்னும் எழுத்தைத் தாங்கிய வண்டியொன்று ஊர்ந்து வந்தால், பின்னால் வருவோர் பொறுமையிழந்து ஹோர்ன் அடிக்கிறார்கள். ஆனால், ‘நான் இன்னும் கற்றுத் தேறவில்லை’ என்று ஊரறியச் சொல்லிக்கொண்டு அவ்வீதியில் செல்பவர் அவர் ஒருவரே. அந்த எழுத்தைக் கழற்றும் உரிமை எவ்வாறு பிறக்கிறது என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் வினா.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு அடிப்படையாயுள்ளது. 18 வயது நிரம்பியவர் உடற்றகுதிக்கு மருத்துவச் சான்று பெறவேண்டும். வீதி ஒழுங்குகள் பற்றிய எழுத்துப் பரீட்சையில் தேறவேண்டும். பின்னர், பயிலுநர் அனுமதிப்பத்திரத்துடன், தக்கவரொருவர் பக்கத்திலிருக்க ஓட்டிப் பழகவேண்டும். இறுதியில் பரிசோதகர் முன்னிலையில் ஓட்டிக் காட்டவேண்டும். இவையனைத்தும் நிறைவேறிய பின்னரே முழுமையான சாரதி அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்.

‘எனக்கு வண்டியோட்ட நன்றாகத் தெரியும். பிறகு நாட்களை வீணாக்குவானேன்? கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தால் காரியம் முடியுமே’ என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர் உண்மையிலேயே வல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் அவர் செய்வது குற்றமா?

குற்றமே என்பது நம் முடிபு. தன் திறமைக்குத் தானே நீதிபதியாகும் உரிமை, பிறருடைய உயிர் சம்பந்தப்பட்ட விடயத்தில் எவர்க்கும் இல்லை. மேலும், காசுக்குக் கிடைத்த ஒரு பத்திரம், உழைத்துப் பெற்ற பத்திரங்கள் அனைத்தையும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. வல்லவர் நுழைந்த அதே வாசல் வழியே வல்லமையற்றவரும் நுழைவார் என்பதில் ஐயமில்லை.

மானிப்பாய் மக்களுக்கு இது புதிய கருத்தன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, இவ்வூரில் மருத்துவமனை நடத்திய சாமுவேல் கிறீன், இம்மண்ணின் இளைஞர் அறுபதுக்கு மேற்பட்டோரை மருத்துவராகப் பயிற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயும் கற்பித்தார். நோயாளியால் மருத்துவரைச் சோதித்துப் பார்க்க இயலாது. முறையாகக் கற்றுத் தேறியவர் என்ற நம்பிக்கையுடனேயே அவர் கையை நீட்டுகிறார். வீதியைக் கடக்கும் மூதாட்டியின் நிலையும் அதுவேயன்றோ?

பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து ஷில்லிங் செலுத்தியவர் எவரும் சோதனையின்றி அனுமதிப்பத்திரம் பெறலாம். அன்று கார் வைத்திருந்தோர் பெரும்பாலும் வசதி படைத்தோர். 1934இல் மட்டும் 7,343 பேர் அந்நாட்டு வீதிகளில் மாண்டனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பாதசாரிகள். 1935 ஜூன் முதலாம் திகதி தொடக்கம் புதிய சாரதிகளுக்குப் பரீட்சை கட்டாயமாயிற்று. இன்று பணம் கொடுத்துப் பத்திரம் வாங்குபவர், சமுதாயத்தை அந்த ஐந்து ஷில்லிங் காலத்துக்கே பின்னிழுக்கிறார். அதன் விலையை யார் செலுத்துவர்? வீதி விபத்துகளில் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறக்கின்றனர் என்றும், அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் நடந்தோ சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ செல்வோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

எனினும், தனிமனிதனுக்கு ஒழுக்கம் போதித்துவிட்டு ஓய்வது நமக்கு அழகன்று. முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைக்க விரும்பும் கூலித் தொழிலாளிக்கு, அலுவலகத்துக்கு அலையும் ஒவ்வொரு நாளும் கூலியிழந்த நாள். நேர்வழிக்குச் செலவு மிகுதியாகவும் குறுக்குவழிக்குச் செலவு குறைவாகவும் இருக்குமாயின், அந்த ஏற்பாடே குற்றத்துக்கு உடந்தையாகிறது. பரீட்சையை இலகுவாக்குவது இதற்குப் பரிகாரமன்று. பரீட்சைக்குச் செல்லும் பாதையை எளியவர்க்கு இலகுவாக்குவதே பரிகாரம்.

அனுமதி பெற்ற பின்னரும் இப்பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. 1958இல் இந்நாட்டின் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டன. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. அன்றன்றைய வசூலிலேயே சாரதியின் வருவாய் தங்கியிருக்கும்போது, முன்னே செல்லும் பஸ்ஸை முந்தினாற்றான் அவருக்குப் பயணிகள் கிடைப்பர். முறையாகப் பரீட்சையில் தேறியவரைக்கூட, கற்ற ஒழுங்கை மீறுமாறு போட்டி துரத்துகிறது. இங்கே சாரதியை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவது பாதி நியாயமே. அவரை விரட்டும் வருவாய் முறையும் அவருடன் விசாரிக்கப்படல் வேண்டும்.

இவ்வாண்டு 18 வயதை எட்டும் மாணவர் பலர் விரைவில் அந்தச் சிவப்பெழுத்தை மாட்டிக்கொண்டு வீதிக்கு வருவர். அதை அவமானச் சின்னமாக அவர்கள் கருதவேண்டியதில்லை. ஆசிரியர்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: முழு அனுமதிப்பத்திரத்தைத் தருவது திணைக்களம், ஆனால் அதனால் நாம் கடமைப்படுவது, அதனை ஒருநாளும் பெறாமல் வீதியோரத்தில் நடந்து செல்லும் மனிதருக்கே.