கவிழ்த்த மரக்கால்

மரக்காணம் என்ற பெயருக்கு, அவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலைச் சுற்றி வழங்கும் கதை ஒரு காரணம் சொல்கிறது. சிவபூசை செய்யாமல் உண்ணாத வணிகர் ஒருவருக்கு லிங்கம் கிடைக்கவில்லை. நெல் அளக்கும் மரக்கால் ஒன்றைக் கவிழ்த்து மண்ணில் பதித்து, அதையே லிங்கம் என்று காட்டினார்கள். பூசைக்குப் பின் அது பெயர்ந்து வரவில்லை, மண்ணோடு ஒன்றிவிட்டது. மரக்காலைக் காணோம் என்ற பேச்சு மரக்காணம் ஆயிற்று. மண்ணில் அமைந்த ஈசன் பூமீசுவரர் ஆனார்.

துறைமுகம் என்பதால் பெயரை மரக்கலத்தோடு இணைப்பதும் உண்டு. கலம் என்ற சொல் கப்பலையும் குறிக்கும், 12 மரக்கால் கொண்ட அளவையும் குறிக்கும். கடல் வணிகம் நடந்த ஊரில் இரண்டுமே புழங்கியிருக்கும்.

மரக்காணம் என்பதற்கு முந்தைய பெயர் ஒன்றும் உண்டு. சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தைப் பாடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ், இக்கரையில் சோபட்மா என்ற துறையைச் சொல்கிறது. எயில் என்றால் மதில். சோ என்றாலும் மதில். சோபட்டினமே கிரேக்கர் வாயில் சோபட்மா ஆயிற்று என்றும், அத்துறை மரக்காணமே என்றும் ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். கிரேக்கர் ஒலியை மட்டும் கொண்டுபோனார்கள், மதில் கரையிலேயே நின்றுவிட்டது.

பொருள் உதிர்ந்த பின்னும் ஒலி எப்படி ஊரைக் குறிக்கிறது? நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பிரிக்கிறது. மீமாம்சை இன்னும் ஆழமாகப் போகிறது: சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு தோற்றமற்றது, யாரும் ஏற்படுத்தியதல்ல. அப்படியானால், அதே போல் தோற்றமற்றதாக மீமாம்சை கொள்ளும் வேதத்தில் வரும் ஆட்பெயர்கள் சிக்கலாகின்றன. பிறந்தவன் பெயர் இருந்தால் வேதம் அவனுக்குப் பிந்தியதாகிவிடும். ஆகவே வேதத்தில் வரும் பபர ப்ராவாஹணி என்ற பெயரை மீமாம்சை உரையாசிரியர் சபரர் ஆளாகவே கொள்ளவில்லை. ஒலித்துக்கொண்டு வீசும் காற்று என்று பிரித்துப் பொருள் சொன்னார். உறவு தோற்றமற்றது என்பதை நியாய தரிசனத்தார் மறுத்தனர். இச்சொல் இதைக் குறிக்கட்டும் என்ற ஈசுவர சித்தமே உறவுக்கு மூலம் என்றனர்.

புதுச்சேரியில் பேருந்து ஏறி மரக்காணம் என்று சீட்டுக் கேட்பவருக்கு நியாயத்தார் சொன்னதே போதும். காரணம் தெரியாமலே உப்பளத்தைப் பார்த்ததும் இறங்கிவிடுவார். சன்னிதியில் நிற்பவருக்கு அது போதாது. மரக்காலைக் காணோம் என்பது ஒலியளவில் ஏற்க முடியாத பிரிப்புத்தான். ஆனால் நெல் அளந்த கருவியில் இறைவன் வந்து அமர்ந்ததை அவருக்கு நினைவூட்ட அந்தப் பிரிப்பு ஒன்றுதான் இருக்கிறது.