மீசைக்குக் கைதட்டல், சேலைக்குச் சிரிப்பு

பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி எதற்காவது போயிருப்பீர்கள். ஏழு வயசுப் பெண் குழந்தை கோட்டும் முண்டாசும் கட்டி, மையால் மீசை வரைந்துகொண்டு பாரதியாராக வரும். அரங்கமே கைதட்டும். உங்கள் பையன் வந்து, 'அம்மா, நான் ஜான்சி ராணியா போறேன்' என்று கேட்டால்? 'சீ, பொம்பளை வேஷமா? நேதாஜியா போடா!' என்போம். அவன் கேட்டதும் வீர வேஷம்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஏன்?

சிந்தாதிரிப்பேட்டை 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டான இடம். அங்கே ரிச்சி தெருவில் இன்றைக்குக் கம்ப்யூட்டர் சாமான்களோடு வீடியோ கேமும் விற்கிறது. ராஜா ராணி, மாயாஜால விளையாட்டுகளைக் கவனித்துப் பாருங்கள். வீரனின் இரும்புக் கவசம் கழுத்திலிருந்து கால் வரை மூடும். வீராங்கனை போட்டாலோ, பல விளையாட்டுகளில் அது பாதியாகச் சுருங்கிவிடும்! எதிரியின் வாள் என்ன, பெண் என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டா வெட்டும்?

1986-ல் ஜப்பானில் 'மெட்ராய்ட்' என்றொரு விளையாட்டு வந்தது. கவசத்துக்குள் இருப்பது ஆண் என்று நினைத்தே பலர் ஆடினார்கள். சீக்கிரம் முடித்தவர்களுக்குத் தலைக்கவசம் கழன்றது. உள்ளே ஒரு பெண்! ரொம்ப நல்ல பாடம், இல்லீங்களா? அவசரப்படாதீர்கள். இன்னும் வேகமாக முடித்தவர்களுக்கு என்ன பரிசு தெரியுமா? அவளை நீச்சலுடையில் நிறுத்திக் காட்டினார்கள்.

நம்ம ஊர் மட்டும் என்னவாம்? சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பாலர் நாடகக் குழு தொடங்கினார். அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் எல்லாம் பையன்கள்தான். சிவாஜி கணேசனே சீதையாக நடித்தவர். பெண் எப்படி நடக்க வேண்டும், எப்படி வெட்கப்பட வேண்டும் என்பதை ஆண் வாத்தியார் ஆண் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார். அதைப் பார்த்து, 'பொண்ணுன்னா இப்படி இருக்கணும்' என்று ஊர் பேசியிருக்கும். வீடியோ கேம் கவசத்தின் கதையும் இதேதான்.

ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். 1940-களில் டி.கே. சண்முகம் மேடையில் ஒளவைக் கிழவியானார். இருவரையும் ஜனங்கள் கேலி செய்யவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அப்படியானால் குற்றம் துணியில் இல்லை. ஆணை மேல்படியிலும் பெண்ணைக் கீழ்ப்படியிலும் நாம்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். அதனால்தான் மீசை ஒட்டிய பெண் ஏறி வருகிறாள், கைதட்டுகிறோம். சேலை கட்டிய பையன் இறங்கி வருகிறான், சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு பையனைப் பார்த்து மட்டும் வருவதில்லை; பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் அம்மாவையும் தங்கையையும் பார்த்துத்தான் வருகிறது. இதை யோசித்தால் கொஞ்சம் சுடும்.

2024-ல் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் நடந்தது. இளைஞர்கள் விதவிதமான கதாபாத்திரங்களாக உடுத்திக்கொண்டு வந்தார்கள். இது மாதிரி இடங்களில் யார் எந்த வேஷம் போடலாம் என்று சட்டம் பேச வேண்டாம். ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த உடைக்குள் இருக்கும் மனுஷியைத் தேடிப் போகிறோமா, அல்லது அவள் இடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறோமா?

சண்முகம் தேடிப் போனது ஒளவையின் அறிவை. அதனால் அவருக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. பெயருக்கு முன்னால் ஒரு கிழவி வந்து ஒட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். நம் லாயிட்ஸ் ரோட்டுக்கு இன்றைக்குப் பெயர் அவ்வை சண்முகம் சாலை.