காடு யாருடைய பங்கு?



போன மாதம் உச்சிப்படிப்பு முடிந்து எங்கள் தாங்கலில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தோம். உள்ளூர்த் தம்பி ஒருவன், தறி ஓட்டுகிறவன், இலையில் உட்கார்ந்தபடியே என்னைக் கேட்டான். "ஏனுங்க மாமா, மனுசனுக்கே இருக்க எடமில்லை. புலிக்கும் யானைக்கும் இத்தனை காடு எதுக்குங்க? ஏழைகிட்டப் புடுங்கி மிருகத்துக்குக் குடுக்கறது தர்மமுங்களா?"

கையில் சாம்பார் வாளி. பந்தியில் பாதிப்பேருக்கு இன்னும் ஊற்றவில்லை. "அப்புறம் சொல்றேன்டா" என்று நகர்ந்துவிட்டேன். ஆனால் அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஈரோடு மாவட்டத்தில் இது நடப்பு விவகாரம். சத்தியமங்கலம் காடு 2013-ல் புலிகள் காப்பகம் ஆனது. சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். அதற்குக் கிழக்கே அந்தியூர், பர்கூர் பக்கத்துக் காட்டை 2024 ஜனவரியில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் என்று அரசு அறிவித்தது. அது சுமார் 80,000 ஹெக்டேர். சத்தியமங்கலத்தையும் கர்நாடகத்து மாதேஸ்வரன் மலை, காவிரிக் காடுகளையும் அது ஒன்றோடொன்று சேர்க்கிறது. யானைக்கு எல்லைக்கல் தெரியாது. தண்ணீர் இருக்கும் பக்கம் நடக்கும். நடுவில் ஒரு துண்டு அறுந்துபோனால் ஊருக்குள்தான் இறங்கும்.

பொதுச் சொத்து என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சுவாமித்தோப்பு முத்திரிக் கிணறு. பொதுக் கிணற்றில் எளிய சாதியார் வாளி விடக்கூடாது என்றிருந்த காலத்தில், எல்லாச் சாதியும் ஒரே நீரில் குளிக்கவும் குடிக்கவும் அய்யா வகை செய்தார். எல்லாருக்கும் பங்கு உண்டு என்றால் ஆளாளுக்கு முடிந்தமட்டும் இறைத்துக்கொள்ளலாம் என்று பொருளா? அப்படிச் செய்தால் கடைசியில் வருகிறவனுக்குச் சேறுதான் மிஞ்சும். காடும் அப்படியே. மாயாறு அந்தக் காட்டு வழியாக வந்துதான் பவானிசாகரில் சேர்கிறது. அந்த அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. நம் பக்கத்து நெல்லும் மஞ்சளும் அதில்தான் விளைகின்றன. அந்தத் தம்பி சாப்பிட்ட சோற்றிலும் காட்டின் பங்கு இருந்திருக்கும். அவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இனி என் கதை. சென்னிமலைப் போர்வை, பெட்ஷீட் எடுத்துக்கொண்டு மைசூருக்குப் போகும் லோடு வண்டியில் பல வருடம் கூடப் போயிருக்கிறேன். ராத்திரி கிளம்பினால் விடியற்காலை கடை வாசலில் நிற்கலாம். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. மேலே ஆசனூர்ப் பக்கம் யானைகள் கரும்பு லாரிக்காக ரோட்டில் காத்து நிற்கும். ஒருமுறை வளைவில் ஒரு புள்ளிமானை வண்டி அடித்துவிட்டது. டிரைவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. லோடு நேரத்துக்குப் போக வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு.

2022 பிப்ரவரி 10 முதல், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி அந்த ரோட்டில் இரவுப் போக்குவரத்து நின்றது. இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டி போகக்கூடாது. ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அன்றைக்கு நானும் திட்டினேன். தொழிலே போச்சு என்றேன். என்ன போயிற்று? ஒரு ராத்திரித் தூக்கம் பண்ணாரியில், அவ்வளவுதான். ஆடு கோழி பலி கூடாது என்ற அய்யாவின் பிள்ளைகள் நாம். சக்கரத்தில் கொடுக்கிற பலி மட்டும் கணக்கில் வராதா என்று பிறகுதான் யோசித்தேன்.

இதோடு முடிந்தால் கேள்வி சுலபம். முடியவில்லை.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். அங்கே பர்கூர் மலைக்காரர் ஒருவரோடு பேச வாய்த்தது. செவலை உடம்பில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும் பர்கூர் மாடு நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கொட்டகையில் கட்டித் தீனி போடும் மாடல்ல. காட்டில் மேய்ந்து, பட்டியில் அடைந்து வளர்வது. சரணாலயத்துக்குள்ளும் புலிகள் காப்பகத்துக்குள்ளும் மேய்ச்சல் கூடாது என்று 2022-லேயே உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. தங்கள் காடு சரணாலயம் ஆகிவிட்டதே என்பதுதான் அவர் பயம். பழங்குடியினர் உரிமை போகாது என்று அரசு சொல்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்திலும் மேய்ச்சல் உரிமைக்கு இடம் இருக்கிறது. அவரிடம் நான் திம்பம் கதையைச் சொல்லி, நாங்களும் விட்டுக்கொடுத்தோம் என்று கொஞ்சம் பெருமையாகவே பேசினேன்.

"நீங்க ராத்திரி விட்டதைக் காலையில புடிச்சுக்குவீங்க. எனக்கு மாடு போனா, அடுத்து என்னங்க இருக்குது?" என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. எளியவரைக் காப்பதே தர்மம் என்று தினமும் சொல்கிறோம். இங்கே யார் எளியவர்? யானை மனுக் கொடுக்காது, ஓட்டுப் போடாது. பட்டிக்காரர் மனுக் கொடுத்தாலும் படிக்க ஆள் வேண்டும். இரண்டு எளியவரை எதிரெதிரே நிறுத்திவிட்டு, நடுவில் நாம் வேடிக்கை பார்ப்பதுதான் அதர்மம் என்று எனக்குப் படுகிறது. அந்தத் தம்பியின் கேள்வியில் பிசகு அங்கேதான். மிருகத்துக்கா ஏழைக்கா என்று கேட்டான். வசதிக்காரன் எதை விட்டான் என்று கேட்கவில்லை.

சொகுசை விடுவதும் சோற்றை விடுவதும் ஒன்றல்ல. வெள்ளோட்டுக்காரர்களைப் பாருங்கள். நம் ஊரிலிருந்து ஈரோடு போகிற வழிதான். ஏரிக்கு வரும் கூழைக்கடாவும் நாரையும் மிரளக்கூடாது என்று சுற்றுவட்டக் கிராமங்கள் பல வருடமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதட்டிச் செய்ததல்ல, அவர்களாகவே விட்டது. குழந்தைகளும் கம்பி மத்தாப்போடு சரிக்கட்டிக்கொள்கின்றன. அந்த ஏரி 2022-ல் உலக அளவிலான ராம்சர் பட்டியலில் ஏறியது.

காட்டு ஜனங்களை வெளியே தள்ளினால் காடு செழிக்கும் என்பதும் அப்படியே நம்பக் கூடியதல்ல. மேலே பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள், தாங்கள் முன்பு காலம் பார்த்துச் சருகுக்குத் தீ வைத்தது நின்ற பிறகே உண்ணிச்செடி புதராக மண்டியது என்கிறார்கள். உண்ணி மண்டினால் புல் செத்துப்போகும். புல் போனால் மானுக்கும் யானைக்கும் என்ன இருக்கிறது? காட்டுக்கு வேலி மட்டும் போதாது. அதை அறிந்தவன் கையும் வேண்டும். பட்டிக்காரரை உட்காரவைத்து, எந்தப் பள்ளத்தில் எத்தனை மாடு, எந்த மாதம் என்று பேசி எழுதினால் என்ன? எனக்கு இதுதான் நியாயமாகத் தோன்றுகிறது. அதிகாரிகள் சிரிக்கலாம்.

எங்கள் குறையையும் சொல்லிவிடுகிறேன். அன்னதான எச்சில் இலையை மலையடிவாரக் காட்டோரம் கொட்டி வந்தோம். ஆடு மாடு தின்னும் என்ற நினைப்பு. பிளாஸ்டிக் டம்ளரும் அதோடு போயிற்று. இப்போது குழி வெட்டியிருக்கிறோம். அந்தத் தம்பியும் மண்வெட்டி பிடித்தான். அவன் கேள்விக்கு அப்போதுதான் இவ்வளவையும் சொன்னேன். பாதி ஒத்துக்கொண்டான். பர்கூர்க்காரருக்கு யார் பதில் சொல்வது என்று திருப்பிக் கேட்டான்.

பத்து நாள் முன்பு மறுபடி மைசூர் லோடு. பண்ணாரி செக்போஸ்ட்டுக்கு ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தோம். ஆறு மணிக்குத் திறக்கும் வரை அவர் புலம்பல் ஓயவில்லை. டீக்காசு நான்தான் கொடுத்தேன்.