குழாய்க்கும் ஒரு பொட்டு

ஆயுத பூசையன்று எதற்கெல்லாம் சந்தனம் வைக்கலாம்? ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய காலத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. வெட்டுக்கத்தி, பால் வாளி, ஸ்டோரில் ஷீட் உருட்டும் மெஷின், கிராணியின் கணக்குப் புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு விழும். சைக்கிளுக்கு மாலையும் உண்டு. என் வீட்டுப் பலகையில் கூடவே ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டும் இருக்கும். செனவாங் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருக்கும் அக்காள் மகனுக்கு அது பொறுக்கவில்லை. "ஸ்பேனருக்கு வையுங்க மாமா, சரி. குழாய் எப்போ ஆயுதமாச்சு?"

குழாயின் வேலை இது. சைக்கிளின் முன்சக்கரம் குழியில் விழும்போதெல்லாம் அடி வாங்குவது ஹேண்டில் கழுத்தின் கீழ்க் கப்பு. குண்டுகள் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்துவிட்டால், ஹேண்டில் நேராக வரும் இடத்தில் 'டக்'கென்று பிடிக்கும். பிறகு கப்பை மாற்றத்தான் வேண்டும். இதற்கென்றே செய்த அழுத்துகருவி பெரிய கடைகளில் உண்டு. என்னிடம் இருப்பது நீளமான மரைக்கம்பி, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள். கம்பியைக் கழுத்துக்குள் விட்டு மெதுவாக முடுக்கினால் கப்பு கோணாமல் ஏறும்.

போர்க்குத் தண்டின் அடியில் உட்காரும் வளையத்துக்குத்தான் குழாய். ஒரு அங்குலம் என்று விற்கிற இரும்புக் குழாயின் உள்வாய் சுமார் 27 மில்லிமீட்டர். போர்க்கின் தண்டு 25.4. ஆகவே தண்டின் மேல் தாராளமாக இறங்கும். புது வளையத்தில் குண்டு ஓடும் தடத்தைக் குழாயின் விளிம்பு கீறிவிடக் கூடாது. கழற்றிய பழைய வளையத்தைக் கவிழ்த்து நடுவில் வைத்து, குழாயின் தலையில் சுத்தியலால் தட்டுவேன்.

குழாய் எப்படி ஆயுதமாகும் என்பதற்குச் சைவ சித்தாந்தத்திலிருந்து தொடங்கினேன். அது எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணம் சொல்லும். குடத்துக்கு மண் முதற்காரணம்; தண்டும் சக்கரமும் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். உலகத்துக்கு அவை முறையே மாயை, சத்தி, சிவன். இதைச் சொன்னதும் மருமகன் பிடித்துக்கொண்டான். "அப்போ நெனைக்கிறவன்தான் எல்லாம். நீங்க நெனச்சதால குழாய் ஆயுதமாச்சு. நாளைக்குத் தேங்காயால வளையம் அடிப்பீங்களா?"

அடிக்க முடியாது. என் பதிலும் அதில்தான் இருக்கிறது. பழைய ராலே சைக்கிளின் கழுத்து மரை அங்குலத்துக்கு 26. வேறு பல சைக்கிள்களில் 24. ஒன்றின் நட்டு மற்றதில் சேராது. நான் எவ்வளவு உறுதியாக நினைத்தாலும் சேராது. பலவந்தம் செய்தால் மரைதான் கெடும். குயவனைச் சொன்ன பிறகும் சக்கரத்தைத் தனியாக எண்ணினார்கள் என்றால், கருவிக்கென்று ஒரு தகுதி உண்டு, செய்பவன் அதை உண்டாக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். குழாய்க்கும் தண்டுக்கும் உள்ள பொருத்தத்தை நான் கண்டுகொண்டேன், அவ்வளவே.

சிவனுக்குத் துணையான சத்தி அவனுக்கு வேறானதல்ல. நம் நிலை அப்படியில்லை. உடம்பும் மனமும் கண்ணும் கையும்கூட உயிருக்கு மாயையிலிருந்து கிடைத்த கருவிகள் என்கிறது அதே சாத்திரம். அவை இல்லாத கேவல நிலையில் உயிர் எதையும் அறியாது, எதையும் செய்யாது. குழாயின் உள்வாயை அளந்த என் கண்ணே இரவலாக வந்தது என்றால், ஸ்பேனர் உயர்ந்த சாதி, குழாய் தாழ்ந்த சாதி என்று பிரிக்க நான் யார்?

"அப்போ கொல்லையில கிடக்கிற குழாய்க்கெல்லாம் பொட்டு வைக்கணுமே" என்றான். வேண்டாம். வேலைக்கு வந்து பொருந்தியதற்கு வைத்தால் போதும். தேய்ந்துபோன அந்தப் பழைய வளையத்துக்கும் அந்தக் கணக்கில் ஒரு பொட்டு உண்டு. தன் இடத்துக்கு வந்த புதியதை உட்கார வைத்ததே அதுதான்.

'எல்லாம் நானே செய்தேன்' என்கிற எண்ணத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கத்தான் இந்தப் பூசை என்று நினைக்கிறேன். ஸ்பேனருக்குக் கை பழக்கத்திலேயே பொட்டு வைத்துவிடும். குழாய்க்கு வைக்க, காரணம் தெரிந்திருக்க வேண்டும்.