பேயிடம் வாய் கொடுத்தவர்கள்

பேய் உண்டா இல்லையா என்ற விவாதத்தை 1941-ல் ரூடால்ஃப் புல்ட்மான் ஏறக்குறைய முடித்துவைத்தார். மின்விளக்கையும் ரேடியோவையும் பயன்படுத்துகிறவன் புதிய ஏற்பாட்டின் ஆவி உலகத்தை அப்படியே நம்ப முடியாது என்றார். அவர் நாத்திகர் அல்ல. லூதரன் சபையைச் சேர்ந்த இறையியலாளர். ஆனால் விவாதம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பேய் பற்றிய நம்பிக்கை, பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட மனிதனை என்ன செய்தது? அவனைக் காப்பாற்றியதா, காட்டிக்கொடுத்ததா? இதற்குப் பதில் தேட ஒருவன் பேயை நம்பவேண்டிய அவசியமில்லை.

விவிலியத்தைத் தமிழில் படிக்கிறவனுக்கு ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவனும் பிசாசு. நோயுற்றவர்களிடமிருந்து துரத்தப்பட்டவையும் பிசாசுகள். 1611-ஆம் வருட ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இதே கதைதான். கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முன்னவன் தியாபொலொஸ்: அவதூறு செய்பவன், குற்றம் சாட்டுகிறவன். அவனுடைய மூதாதை யோபு நூலில் வரும் சாத்தான். அங்கே அது பெயர்கூட இல்லை, ஒரு பதவி. கடவுளின் சபையில் நின்று மனிதன்மேல் வழக்குத் தொடுக்கிற பதவி. பின்னவை தைமோனியா: உடலில் புகுந்து வதைப்பவை. இவ்விரண்டும் ஒரே ராஜ்யத்தைச் சேர்ந்தவை என்று சுவிசேஷங்கள் கருதுவது உண்மை. எல்லைக்கோடு அங்கங்கே கலைவதும் உண்மை. லூக்காவில் கூன் விழுந்த பெண்ணைப் பதினெட்டு வருடம் கட்டிவைத்திருந்தவன் சாத்தான்தான். என்றாலும் தொழில் வேறு. ஒருவன் சாட்டுகிறான்; மற்றவை பீடிக்கின்றன.

இந்த வித்தியாசத்தின் விளைவு கவனிக்கத்தக்கது. திமிர்வாதக்காரனிடம் இயேசு பாவமன்னிப்பு பற்றிப் பேசுகிறார். பேய் பிடித்த எவரிடமும் அவர் பாவத்தைப் பற்றிப் பேசுவதில்லை, மனந்திரும்பச் சொல்வதுமில்லை. யூதாசுக்குள் சாத்தான் புகுந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் யூதாசுக்கு யாரும் பேயோட்டவில்லை, அவன் செயலுக்கு அவனே பொறுப்பாகிறான். கல்லறைகளுக்கிடையே கூவித் திரிந்து கற்களால் தன்னையே கீறிக்கொண்ட கெரசேனனுக்கோ பொறுப்பு எதுவும் சுமத்தப்படவில்லை. பெயர் கேட்கப்பட்டபோது அவன் வாயிலிருந்து வரும் பதில் ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடிகிறது. சொல்லும் பெயரோ ரோமானியப் படைப்பிரிவின் பெயர். அந்த வாக்கியத்தில் அவனுக்கு இடமே இல்லை. அவனுடைய ஊரார்கூட அதற்குமுன் அவனிடம் சங்கிலியோடுதான் வந்திருக்கிறார்கள். வதைப்பது வேறு, வதைபடுகிறவன் வேறு என்று பிரித்துவைத்ததுதான் அங்கே நடந்த வைத்தியம். முடிவில் அவன் ஆடை அணிந்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். அதைப் பார்த்த ஊருக்கு வந்தது சந்தோஷம் அல்ல, பயம்.

இன்னொன்று: சுவிசேஷங்களில் பேய்கள் உண்மை பேசுகின்றன. இயேசு யார் என்பதைச் சீடர்களுக்கு முன்பே அவை அறிந்துகொள்கின்றன. இருந்தும் மாற்குவில் அவற்றுக்குக் கிடைக்கும் முதல் கட்டளை வாயை மூடு என்பதே. பேயின் வாயிலிருந்து வருகிற உண்மைகூட சாட்சியமாக ஏற்கப்படுவதில்லை. அதே மாற்குவில் வேதபாரகர் இயேசுவையே பெயெல்செபூல் பிடித்தவன் என்கிறார்கள். ஆக, பேய் என்ற சொல் இரண்டு வாய்களில் இரண்டு காரியம் செய்கிறது. ஒரு வாயில் அது வதைபடுகிறவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. மற்றொன்றில் அதுவே குற்றச்சாட்டு.

பிற்கால வரலாறு இரண்டாவது வாயின் வரலாறு. மகதலேனா மரியாளிடமிருந்து ஏழு பிசாசுகள் நீங்கின என்பதற்குமேல் அவளுடைய முன்வாழ்க்கையைப் பற்றி லூக்கா எதுவும் சொல்வதில்லை. 591-ல் போப் கிரகோரி தமது பிரசங்கத்தில், அதே சுவிசேஷத்தில் வரும் பாவியான பெண்ணும் இவளே என்றும், ஏழு பிசாசுகள் என்பவை எல்லாத் தீயொழுக்கங்களுமே என்றும் வியாக்கியானம் செய்தார். நோயாளி ஒரே பிரசங்கத்தில் வேசியானாள். கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டி இந்த இணைப்பைக் கைவிட 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வியாக்கியானமாக இருந்தது பிறகு சட்டமாயிற்று. 906 வாக்கில் தொகுக்கப்பட்ட ஒரு திருச்சபை விதி, பெண்கள் இரவில் தியானா தேவதையோடு சவாரி போவது வெறும் மனமயக்கம், அதை நிஜமென்று நம்புவதே பிழை என்றது. 1486-ல் எழுதப்பட்ட ஹைன்ரிஹ் க்ராமரின் ‘சூனியக்காரிகளின் சம்மட்டி’ இதைத் தலைகீழாக்கி, நம்பாதவனையே வேதப்புரட்டன் என்றது. இடையில் நுழைந்துவிட்ட கருத்து சம்மதம்: பேயோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பது. சம்மதம் வந்ததும் வதைபடுகிறவளும் வதைக்கிறவளாக மாறக்கூடும். அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்கள் 40,000-லிருந்து 60,000 வரை இருக்கலாம் என்பது சரித்திரக்காரர்களின் கணக்கு.

பிரான்ஸில் லூதன் நகரத்துக் கன்னிமாடத்தில் துறவிப் பெண்களுக்குள்ளிருந்து பேய்கள் ஊரறியப் பேசின. பாதிரியார் உர்பேன் கிராந்தியேயின் பெயரைச் சொல்லின. முறைப்படி நிர்ப்பந்தித்தால் பேய் பொய் சொல்ல முடியாது என்று வாதிட்டார்கள். 1634 ஆகஸ்டில் அவரை எரித்தார்கள். மாற்குவில் மூடச் சொல்லப்பட்ட வாயை இங்கே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அமெரிக்கச் சேலத்தில் 1692-ல் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டதும் இதைப்போன்ற சாட்சியத்தால்தான்; அங்கே ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், மறுத்தவர்கள் தொங்கினார்கள். இந்தப் பேய்வேட்டையின் விபரீதம் வெறும் மூடநம்பிக்கையில் இல்லை. தைமோனியாவைத் தேடிப் புறப்பட்டவர்கள் தியாபொலொஸின் உத்தியோகத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள்.

இதைக் கண்டவர் பேயை நம்பிய ஒருவர்தான். ஏசுசபைத் துறவி ஃப்ரீட்ரிஹ் ஷ்பே 1631-ல் பெயர் போடாமல் ஒரு லத்தீன் நூலை வெளியிட்டார். சூனியக்காரிகளை உற்பத்தி செய்வது சித்திரவதை அறைதான் என்பது அதன் சாரம். பேய் இல்லை என்று அவர் சொல்லவில்லை. சாட்டுகிற குரலை நம்பாதே என்றார். அந்தக் காலத்தில் அது போதுமான தைரியம்.

நவீனம் இந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டது என்று எண்ணுகிறவர்கள் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். 1923-ல் ஃப்ராய்ட், பேயோடு ஒப்பந்தம் செய்துகொண்டதாக நம்பிய பதினேழாம் நூற்றாண்டு ஓவியன் ஒருவனை ஆராய்ந்தபோது, பேய்களை ஒடுக்கப்பட்ட ஆசைகளின் வழித்தோன்றல்கள் என்றார். நெருப்பு அணைந்தது, ஆனால் பேயை மனிதனிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. உன்னை வதைப்பதும் நீயே என்பதில் ஞானம் இருக்கலாம், ஆறுதல் இல்லை. மறுபக்கம், 1976-ல் மேற்கு ஜெர்மனியில், வலிப்புக்காக முன்பு சிகிச்சை பெற்ற இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி, ஆயரின் அனுமதியோடு பல மாதங்கள் நடந்த பேயோட்டலுக்குப் பிறகு பட்டினியால் இறந்தாள். அப்போது அவள் எடை சுமார் 30 கிலோ. அவளைப் பாவி என்று யாரும் தண்டிக்கவில்லை. பேயையும் அவளையும் பிரித்தே பார்த்தார்கள். ஆனால் பேய்கள் சொன்னதையெல்லாம் ஒலிநாடாக்களில் பதிவு செய்தார்கள். அந்தப் பேச்சு அவ்வளவு சுவாரஸ்யமாக இருந்திருக்க வேண்டும். பேசாமல் மெலிந்துகொண்டிருந்த உடலை அது மறைத்துவிட்டது. 1978-ல் பெற்றோரும் இரு பாதிரியார்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள்.

இந்தச் சபலம் எழுதுகிறவர்களுக்கும் உண்டு. இலக்கியத்தில் எப்போதும் பேய்க்குத்தான் நல்ல வசனம். தாஸ்தாயெவ்ஸ்கி 1871-72-ல் வெளியான தமது நாவலுக்குக் கெரசேனனின் கதையை முகப்பில் வைத்தார். அதற்குப் பின்னணி, 1869-ல் ஒரு புரட்சிக் குழு தன் சகாவையே கொன்ற சம்பவம். நாவலில் நோயாளி ருஷ்யா. கடலில் விழுகிற பன்றிகள் மனிதர்கள். சுவிசேஷத்தில் பன்றிகள் பன்றிகளாகவே இருந்தன என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். உவமை ஒரு அடி நகர்ந்ததும் ஒரு தலைமுறை முழுவதும் குற்றவாளியாகிவிடுகிறது. ஆனால் மரணப்படுக்கையில் அந்த உவமையை விரித்துச் சொல்கிற கிழவர் ஸ்தெபான், பன்றிகளின் வரிசையில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார், ஒருவேளை முதலாவதாகவே. நாவலை நீதிமன்றமாகாமல் காப்பாற்றுவது இந்த ஒரு வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

யோவானில் பரிசுத்த ஆவிக்கு உள்ள பெயர் பராக்லேத்தோஸ். பக்கத்தில் நிற்க அழைக்கப்பட்டவன். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவனுக்காகப் பேசுகிறவன். தமிழில் ஓரிடத்தில் தேற்றரவாளன் என்றும் வேறோரிடத்தில் பரிந்துபேசுகிறவர் என்றும் வருவது இந்த ஒரே சொல்தான். சாட்டுகிறவனுக்கு எதிர்ச்சொல்லாக அந்த மரபு வைத்திருப்பது பேயோட்டியை அல்ல, இவனை. பிறர்மேலோ தன்மேலோ ஒரு பேயைக் காண நேர்கிற எவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இருவரில் யாருடைய வேலையை நான் செய்துகொண்டிருக்கிறேன் என்பதே.