நன்றி யாருக்கு?

அதியமான் தம்மை நேரிற் காணாது அனுப்பிய பரிசிலைப் புலவர் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். தகுதியறிந்து ஈயின் சிறிதும் போதும் என்பது அவர் துணிபு.

1991-இல் தோன்றிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமாகிய சிண்டாவிலோ, ஈவாரும் பெறுவாரும் ஒருவரையொருவர் காண்பதே அரிது. இந்திய ஊழியர்தம் ஊதியத்திலிருந்து, வருமானத்திற்கேற்ப மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை மத்திய சேமநிதிக் கழகத்தின் வழியே அதன் நிதிக்குச் சேர்கிறது. தேக்காவில் பாத்திரம் துலக்கும் தாயொருத்தியின் 1 வெள்ளியும் அதில் இருக்கலாம். அவள் மகளே சிண்டாவின் துணைப்பாட வகுப்பில் அமர்ந்திருக்கவும் கூடும். அம்மகள் யாரை நோக்கிக் கைகூப்புவாள்?

பெருங்கொடையாளர்க்கு நன்றி நவில விழா எடுத்தல் தக்கதே. ஆயினும் எந்த அமைப்பாயினும், சிறுமியொருத்தியை மேடையேற்றித் தன் வறுமையைத் தானே உரைக்கச் செய்தல் நன்றியன்று. கொடைக்கு விலை பெறுதலாகும். பணம் எவ்வாறு பயன்பட்டது என்னும் நேரிய கணக்கே கொடையாளர்க்கு உரியது. அக்கணக்கின் படியொன்று, பாத்திரம் துலக்கும் அத்தாய்க்கும் சேர வேண்டும்.